உப்புக் காற்றில் ஓடிய கார்

உப்புவெளியில் இரவு முழுக்க வெளியே நின்ற காரின் மேல் விடியற்காலையில் விரலால் ஒரு கோடு இழுங்கள். அந்த விரலை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரிக்கும். ஊரின் பெயரிலேயே இருக்கிற செய்திதான் அது. திருகோணமலையில் பழைய கார் தேடுகிறவர் முதலில் செய்ய வேண்டிய பரிசோதனையும் அதுவே, சதம் செலவில்லை. ஆனால் நாம் செய்வது வேறு. கதவைத் திறந்ததும் கண் ஓடோமீற்றருக்குப் போகிறது. "எவ்வளவு ஓடியிருக்கு?" என்பதுதான் முதற்கேள்வி.

நிலாவெளிப் பக்கம், கோணேசபுரியில் இருக்கிறது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். அங்கே படிக்கிற ஒரு மாணவரை நினைத்துக்கொள்வோம். பகுதிநேர வேலையில் மிச்சம் பிடித்தது கொஞ்சம், வெளிநாட்டு மாமா அனுப்பியது கொஞ்சம். மனதில் நிற்பது ஒரு ஹொண்டா சிவிக், இல்லாவிட்டால் மிட்சுபிசி லான்சர். நான்கு கதவு இருக்க வேண்டும். மிதித்தால் பாயவும் வேண்டும். ஒன்று கிடைக்கிறது. வயது இருபதைத் தாண்டியது, ஓட்டம் இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் கிலோமீற்றர். விற்பவர் சொல்கிறார்: "எஞ்சின் புதுசு மாதிரி தம்பி, நம்பி எடுக்கலாம்." எடுக்கலாமா?

இந்தக் கேள்வி இலங்கையில் மற்ற நாடுகளைவிடக் கனமானது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளும் நாட்டில் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. திறந்த பிறகும் வரி மலைபோல் நிற்கிறது. வேறு நாட்டில் பழைய இரும்புக்குப் போயிருக்கும் கார், இங்கே பல இலட்சத்துக்குப் பேசப்படுகிறது. பிழையான காரை எடுத்தால் அது பட்டம் பெற்ற பின்பும் முடியாத கடன்.

எனவே முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினில் மயங்காதீர்கள், கூட்டைப் பார்த்து வாங்குங்கள். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நாற்பது கோடிச் சுற்று

ஓடோமீற்றர் சக்கரம் உருண்ட தூரத்தை எண்ணுகிறது. எஞ்சின் தேய்வது தூரத்தால் மட்டுமல்ல, சுற்றுகளாலும். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மணிக்கு 60 கிலோமீற்றரில், மேல் கியரில், எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்றுச் சுற்றும் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீற்றருக்கு ஒரு நிமிடம்; 2,000 சுற்று. இரண்டு இலட்சம் கிலோமீற்றருக்கு நாற்பது கோடிச் சுற்று.

இப்போது அதே காரைத் திருகோணமலைச் சந்தைத் தெருவில் விடுங்கள். முதலாம், இரண்டாம் கியர், ஓட்டோவுக்கு ஒரு நிறுத்தம், மாட்டுக்கு ஒரு நிறுத்தம். சராசரி வேகம் 20. ஒரு கிலோமீற்றருக்கு மூன்று நிமிடம். நின்ற நேரத்தையும் சேர்த்து நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றாலும் கிலோமீற்றருக்கு 4,500 சுற்று. ஒரு இலட்சம் கிலோமீற்றர் ஓடி முடிக்கும்போது நாற்பத்தைந்து கோடி.

அதாவது, கொழும்புக்கும் இங்குமாக ஹபரணைப் பாதையில் இரண்டு இலட்சம் ஓடிய காரைவிட, ஊருக்குள்ளேயே ஒரு இலட்சம் ஓடிய காரின் எஞ்சின் கூடுதலாகச் சுற்றியிருக்கலாம். "குறைஞ்ச மைலேஜ்" என்று விளம்பரம் செய்யப்படுவது எப்போதும் குறைந்த தேய்வு ஆகாது. ஓட்டம் எவ்வளவு என்பதோடு ஓட்டம் எங்கே என்றும் கேளுங்கள்.

ஓடோமீற்றர் காட்டும் எண்ணே உண்மைதானா என்பது இன்னொரு கேள்வி. அதைத் திருத்துவது பழைய தொழில். ஆனால் பிரேக் மிதியின் இரப்பரையும், ஸ்டியரிங் வளையத்தின் வழுவழுப்பையும், சாரதி ஏறி இறங்கும் பக்கத்து இருக்கை விளிம்பையும் திருத்த எவரும் மெனக்கெடுவதில்லை. எண் அறுபதாயிரம் என்று சொல்ல, மிதியின் இரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தால், மிதியை நம்புங்கள்.

மரக்கட்டையைத் தள்ளிய எண்ணெய்

1883இல் பிரித்தானியப் பொறியியலாளர் போஷம்ப் டவர், இரயில் அச்சுத் தாங்கிகளுக்கு எண்ணெய் எப்படி உதவுகிறது என்று ஆராய்ந்தார். தாங்கியின் மேற்பக்கத்தில் எண்ணெய் விட ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே போகவில்லை. துளை வழியே மேலே பொங்கி வந்தது. மரக்கட்டையால் அடைத்தார். கட்டையை எண்ணெய் வெளியே தள்ளிவிட்டது. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய் ஆப்புப்போல் இடையில் செருகுகிறது, அந்த அழுத்தமே அச்சையும் தாங்கியையும் பிரித்து மிதக்க வைக்கிறது என்று 1886இல் ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணிதத்தால் விளக்கினார்.

உங்கள் காரின் கிராங்க் தண்டும் இப்படித்தான் மிதக்கிறது. ஓடுகிற எஞ்சினில் அங்கே உலோகம் உலோகத்தைத் தொடுவதே அரிது. நடுவில் முடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம். ஆனால் படலம் உண்டாகச் சுழற்சி வேண்டும். காலையில் சாவியைத் திருப்பும் முதற் சில கணங்களில் சுழற்சியும் போதாது, எண்ணெயும் மேலே ஏறியிருக்காது. அப்போதுதான் உலோகம் உரசுகிறது. ஒரே ஓட்டமாய்க் கொழும்பு போகும் கார் 260 கிலோமீற்றருக்கு ஒருமுறை அந்தக் கணத்தைக் கடக்கிறது. வீட்டிலிருந்து கந்தோருக்கு மூன்று கிலோமீற்றர் போகும் கார், மூன்று கிலோமீற்றருக்கு ஒருமுறை.

குறுகிய ஓட்டத்துக்கு இன்னொரு கேடும் உண்டு. பெற்றோல் எரியும்போது நீராவி பிறக்கிறது. குளிர்ந்த எஞ்சினில் அதில் ஒரு பகுதி நீராகி எண்ணெயில் கலக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடினால் அது ஆவியாகிப் போய்விடும். சூடேறும் முன்பே நிறுத்தினால் தங்கிவிடும், எண்ணெய் சேறாகும். எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். பாற்கோப்பி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் ஒன்று இந்தக் குறுகிய ஓட்டம், அல்லது அதைவிட மோசமாக, ரேடியேற்றர் தண்ணீர் எண்ணெய்க்குள் வருகிறது.

ஆகவே காரைப் பார்க்கப் போவது காலையாக இருக்கட்டும். "எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பொனற்றைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் பண்ணி எதையோ மறைத்திருக்கலாம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது பின்னால் நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப்புகை நிற்காமல் இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது. கரும்புகை என்றால் பெற்றோல் வீணாகிறது.

எஞ்சினின் உள் நிலையை அறியக் கொம்ப்ரஷன் ரெஸ்ட் போதும். நல்ல கராஜில் அரை மணி நேர வேலை. நான்கு சிலிண்டர்களின் அழுத்தமும் ஒன்றுக்கொன்று பத்துப் பதினைந்து வீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று தாழ்ந்து நின்றால் அதற்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளப்பார்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. எண்ணெய் இடைவெளியை அடைத்ததால் ஏறியது. ஏறாவிட்டால் வால்வில் கசிவு.

இவ்வளவும் பார்த்த பிறகும் சொல்கிறேன்: எஞ்சின் கெட்டால் வழி உண்டு. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து இறங்கிய பழைய எஞ்சின்கள் கிடைக்கும். செலவு வலிக்கும், ஆனால் தீரும். தீராத நோய் வேறொன்று.

கடல் தின்னும் இரும்பு

சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்கள் 99 இருக்கின்றன. கொடி படர்ந்து, மரம் முளைத்து, பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தவையும் அவற்றில் உண்டு. இருந்தும் நிற்கின்றன. அதே காற்றில் இருபது வயதுக் காரின் கதவடி ஏன் பொத்தலாகிறது?

முதற் காரணம் தடிப்பு. குதத்தின் தகடு தடித்தது. காரின் தகடு ஒரு மில்லிமீற்றரும் இல்லை. இரண்டாவது காரணம் மடிப்பு. இக்காலக் காருக்கு லொறிக்கு இருப்பதுபோல் தனியான அடிச்சட்டம் கிடையாது. கூரை, தூண், தளம், கதவுக்கு அடியில் நீளும் குழல் எல்லாம் மெல்லிய தகடுகளை மடித்துப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்த ஒரே பெட்டி. கூடு என்று நான் சொன்னது அதைத்தான். பெட்டியின் உறுதிதான் காரின் உறுதி. விபத்தில் உங்களைக் காப்பதும் அந்தப் பெட்டிதான், எஞ்சின் இல்லை.

துரு என்பது ஒரு சின்ன மின்கலம். இரும்பு ஓரிடத்தில் இலத்திரன்களை விட்டுக் கரைகிறது. வேறோரிடத்தில் காற்றின் ஒட்சிசன் அந்த இலத்திரன்களை வாங்குகிறது. இரண்டுக்கும் இடையே அயன்கள் போய்வர ஈரம் வேண்டும். தூய நீர் மோசமான பாதை, உப்புநீர் பெருந்தெரு. கடல்நீரில் ஏறக்குறைய 3.5 வீதம் உப்பு. குளோரைட் அயன்கள் இரும்பின் மேல் உருவாகும் பாதுகாப்புப் படலத்தையும் குலைத்துவிடுகின்றன.

"மழையில் நிறுத்தாத கார்" என்று விற்பவர் சொல்லலாம். திருகோணமலையில் அது முழு ஆறுதல் இல்லை. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் சுமார் 75 வீதத்தைத் தாண்டினால், காற்றிலிருந்தே நீரை உறிஞ்சித் தானாகக் கரையும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். வாடைக்காற்று கடலிலிருந்து வீசும் மாதங்களில் நம்மூர் இரவுகள் இந்த அளவுகளைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. ஒரு துளி மழை படாத காரும் இரவில் உப்புநீரில் நனைகிறது. கச்சான் காற்று நிலத்திலிருந்து வருவதால் உப்பைக் கொண்டுவருவது குறைவு. ஏற்கெனவே படிந்ததை அது கழுவிவிடுவதில்லை.

மடிப்புக்குள் நடப்பது இன்னும் விசித்திரம். ஒட்சிசன் குறைவாக உள்ள இடம்தான் கரையும் முனையாக மாறும். ஆகவே துரு, காற்றுப்படும் வெளிப்பக்கத்தைவிட, சேறு அடைத்த மடிப்பின் ஆழத்தில் வேகமாகத் தின்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும். அந்தப் புடைப்புத்தான் பெயின்றின் மேல் கொப்புளமாகத் தெரிகிறது. கொப்புளம் நோயின் தொடக்கமில்லை, முடிவு. வெளியே ஒரு ரூபாய்க் குற்றியளவு கொப்புளம் என்றால், உள்ளே உள்ளங்கையளவு போயிருக்கும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: கதவுக்கு அடிக்குழல், பின்சக்கர வளைவின் உள்விளிம்பு, டிக்கியில் உதிரிச் சக்கரம் கிடக்கும் குழி, பற்றரிக்குக் கீழ்த்தட்டு, முன்பக்க ஷொக் மேலே பொருந்தும் கோபுரம், பிரேக் குழாய்கள். டிங்கர் வேலை செய்து பட்டி பூசி மறைத்திருந்தால் காந்தம் காட்டிக்கொடுக்கும். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை உடம்பு முழுக்க நகர்த்துங்கள். நல்ல தகட்டில் ஒட்டும். பட்டியின் மேல் நழுவும். அடிப்பாகம் முழுவதும் புத்தம் புதிதாய்க் கறுப்புப் பூச்சு மின்னினால் மகிழாதீர்கள். துருவின் மேல் பூசிய பூச்சு ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும்.

சீற் பெல்றை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். யாரும் கழுவாத கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருந்தால், அந்தக் கார் வெள்ளத்தில் நின்றது.

கிணற்றுத் தண்ணீரும் கழற்றிய வால்வும்

பழைய எஞ்சின்கள் சாவது பெரும்பாலும் சூட்டால். பல எஞ்சின்களில் மேற்றலை அலுமினியம், அடிக்கட்டை வார்ப்பிரும்பு. சூடேறினால் அலுமினியம் இரும்பைப் போல் இரண்டு மடங்கு விரியும். நடுவே நசுங்கிக் கிடக்கும் மெல்லிய கஸ்கட் இந்த இழுபறியை ஆயிரக்கணக்கான தடவை தாங்குகிறது. ஒரே ஒரு முறை அளவுமீறிச் சூடேறினால் தலை கோணும், கஸ்கட் போகும்.

நம்மூரில் இதைத் துரிதப்படுத்தும் பழக்கங்கள் இரண்டு. ஒன்று, ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர். கரையோரக் கிணறுகளின் உவர்நீர் சூட்டில் உப்பைப் படியவிட்டுக் குழாய்களை அடைக்கும். துருத் தடுப்பு மருந்தும் அதில் இல்லை. மூடியைத் திறந்தால் கூலன்டின் பச்சையோ சிவப்போ தெரிய வேண்டும்; செம்மண் நிறம் தெரிந்தால் யோசியுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் தொடக் கூடாது. மற்றது, "சூட்டு நாட்டுக்கு இது எதுக்கு?" என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வீசுவது. அது இல்லாவிட்டால் எஞ்சின் தனக்குரிய வெப்பத்தை எட்டாமலே ஓடும். பெற்றோல் கூடக் குடிக்கும், எண்ணெய் சேறாகும். ஓட்டிப் பார்க்கும்போது பத்து, பதினைந்து நிமிடத்தில் வெப்பமுள் தன் இடத்துக்கு வந்து அசையாமல் நிற்க வேண்டும்.

'ஸ்போர்ட்ஸ்' என்ற சொல்லின் விலை

எப்போதாவது கண்ணில் படும் சுபாரு இம்ப்ரேசா டர்போவோ, லான்சர் எவலூஷனோ மாணவரின் நெஞ்சை அள்ளும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது, எரிந்த புகையின் கொதியில். வேகமாக ஓடி வந்து சட்டென நிறுத்தினால் எண்ணெய் ஓட்டம் நிற்கும். தண்டைச் சுற்றித் தங்கிய எண்ணெய் கரியாகும். முந்திய உரிமையாளர் ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் பொறுத்து நிறுத்தினாரா என்பது எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது.

டைமிங் பெல்ற் உள்ள எஞ்சினில் அது எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். இரப்பர் பெல்ற் பொதுவாக ஒரு இலட்சம் கிலோமீற்றரையொட்டி மாற்ற வேண்டியது. ஓடாமல் நின்றாலும் வயதால் இறுகும். அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வந்து வால்வை முட்டும். பதில் "தெரியாது" என்றால், மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தைக் குடிக்கும் இயல்புள்ளது. 'டொட் 4' தரத்தில் புதிதாய் இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 வீதம் நீர் சேர்ந்ததும் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி. ஆவி நசுங்கும், மிதி தரைக்குப் போகும். வேகம் இரட்டித்தால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே இரவில் யானை குறுக்கிடும் பாதையில் ஓட்டுகிறவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் பிறந்த டயர்.

இலவச மருத்துவ அறிக்கை

2008 முதல் நம் நாட்டில் வருமான அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். எல்லோரும் அதில் 'சித்தி'யா என்று மட்டும் பார்க்கிறார்கள். பெற்றோல் காரில் அளக்கப்படுபவை எரியாத ஐதரோகாபனும் காபனோரொட்சைட்டும். ஐதரோகாபன் ஆண்டுக்காண்டு ஏறினால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரிக்கவில்லை, அல்லது எண்ணெய் உள்ளே வருகிறது. காபனோரொட்சைட்டு ஏறினால் பெற்றோல் அளவு மிஞ்சுகிறது. பழைய சான்றிதழ்கள் இரண்டு மூன்றைக் கேட்டு வாங்கி அளவுகளை ஒப்பிடுங்கள். ஒரு கராஜிலும் காசு கொடுக்காமல் கிடைக்கும் மருத்துவ அறிக்கை அது.

பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின், சேசிஸ் இலக்கங்கள் காரில் பொறித்தவையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். லீசிங் கம்பனியின் பெயர் உரிமையாளர் இடத்தில் நின்றால் கடன் முடிந்த கடிதம் இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

மாணவரின் கணக்கு

2025இல் மகாபொல உதவித்தொகை மாதம் 7,500 ரூபாயாக உயர்ந்தது. அந்த ஆண்டில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 300 ரூபாயை ஒட்டி நின்றது. அப்படியானால் ஒரு மாத மகாபொலவுக்கு 25 லீற்றர். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் காரில் 250 கிலோமீற்றர். கொழும்புக்கு ஒரு வழிப் பயணத்துக்கே அது பத்தாது. டர்போ காருக்கு ஒக்டேன் 95 வேண்டுமென்றால் இன்னும் முன்னதாகவே நின்றுவிடும்.

இன்னொரு எண். திருகோணமலைக்கு அதிவேகப் பாதை கிடையாது. ஊருக்கு வெளியே காருக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 70. அந்த வேகத்துக்கு 1,500 சி.சி. எஞ்சின் தாராளம். அதே சிவிக், அதே லான்சர், சாதாரண எஞ்சினோடு வந்தவை நாட்டில் நிறைய உண்டு. உதிரிப்பாகமும் கிடைக்கும், கைதேர்ந்த மெக்கானிக்கும் கிடைப்பார். திருப்பத்தில் கார் நிலத்தைப் பிடித்துக்கொண்டு வளையும் சுகம் பெரும்பாலும் நல்ல ஷொக், நல்ல புஷ், நல்ல டயரிலிருந்து வருகிறது. அவற்றைப் புதிதாகப் போடக் கையில் உள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்துக்குள் காரைத் தேடுங்கள். முழுப் பணத்தையும் விலையாகக் கொடுத்தவர் முதல் மாதமே கராஜ் வாசலில் கடன் சொல்லி நிற்பார்.

மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடியிருந்தாலும் அடித்தகடு சுத்தமாக, கூலன்ட் நிறத்தோடு, காலைப் புகையின்றி நிற்கும் காரை எடுக்கலாம். அறுபதாயிரமே ஓடி, அடிக்குழலில் காந்தம் நழுவும் காரை எவ்வளவு குறைத்துத் தந்தாலும் எடுக்க வேண்டாம். எடுத்த பிறகு வாரம் ஒருமுறை, மேலே மட்டுமில்லை, அடியிலும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

காரைப் பார்க்கப் போகும்போது ஒரு காந்தம், ஒரு ரோச் லைற், ஒரு பழைய சாக்கு கொண்டுபோங்கள். சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். படுக்க விற்பவர் விடவில்லை என்றால், அங்கேயே பேச்சை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.